துள்ளுமாரியில் தொடங்கிய வாசிப்பு: ஒரு மாணவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணை அதிலேயே பதித்து, அடி பிசகாமல் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் மகிழ்ந்துபோனேன். பக்கம் முடிந்தது. அவன் தாளைத் திருப்பவில்லை. குரல் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அவன் வாசிக்கவில்லை, மனப்பாடத்தை ஒப்பிக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

2022 ஜூன் மாதம் அது. விளாத்திகுளம் வட்டாரத்தில் எங்கள் கரிசல் கிராமத்தில், தன்னார்வலர்களைக் கொண்டு தமிழக அரசு நடத்திய மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியின் மையம் ஒன்றை, மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை, எங்கள் வீட்டு முன்கட்டில் நடத்திவந்தேன். அந்தப் பையனை இங்கே தம்பி என்றே குறிப்பிடுகிறேன். அடுத்த ஓராண்டு அவனோடு உட்கார்ந்ததில் நான் செய்த தவறுகளையும், பலன் தந்தவற்றையும், பலன் தராத இடத்தையும் எழுதிவைப்பது மற்ற தன்னார்வலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

பின்னணி

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது தம்பி இரண்டாம் வகுப்பின் கடைசியில் இருந்தான். எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்கும் பழக்கம் படியத் தொடங்கும் பருவம் அது. தொடக்கப் பள்ளிகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அதற்குள் அவன் நான்காம் வகுப்பு. இடைப்பட்ட 19 மாதங்களில் மூன்றாம் வகுப்பு என்ற ஒன்று அவன் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. 2022 ஜூனில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்ய அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது முதல் மூன்று வகுப்புகளுக்குத்தான் அது தொடங்கியது. தம்பி அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளி மூடியதாலும் அவனுக்கு இழப்பு, உதவி வந்தபோதும் வயது தாண்டிவிட்டது. அவனைப் போன்ற பிள்ளைகளின் வகுப்புக்கே ஒரு தனிக் கவனம் தேவைப்பட்டது. அதை மாலை மையங்கள்தான் ஓரளவு ஈடுசெய்தன.

அந்த 19 மாதங்கள் அவன் சும்மா இருக்கவில்லை. தாத்தாவோடு நாற்பது ஆடுகளை மேய்த்தான். இந்தச் செய்தியை முதல் நாளே அவன் அம்மா என்னிடம் சொன்னார். நான் அதைக் குறையாக மட்டுமே குறித்துக்கொண்டேன்.

முதல் மதிப்பீடு

முதலில் அரசு மருத்துவமனையில் கண் பரிசோதனை செய்யச் சொன்னேன். பார்வையில் கோளாறு இல்லை. பிறகு ஒரு வாரம் விளையாட்டுப்போல அவனைச் சோதித்துப் பார்த்தேன். அ முதல் ஔ வரை, க முதல் ன வரை வரிசையாகச் சொன்னான். வரிசையைக் கலைத்துக் காட்டினால் மெய்யெழுத்துகளில் பாதிக்கு மேல் தெரிந்தது. ண, ந, ன மூன்றையும் ஒரே எழுத்தாக நினைத்தான். ‘படி’, ‘கால்’, ‘மாடு’ போன்ற சிறிய சொற்களைத் திணறியாவது வாசித்தான். நான்கு எழுத்துக்கு மேல் போனால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தான். வெள்ளாட்டின் படம் இருந்தால், கீழே என்ன எழுதியிருந்தாலும் ஆட்டுக்குட்டி என்றான்.

அவன் முழுமையாக மாட்டிக்கொண்ட இடம் கொம்பு. தமிழ் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகள் பலர் இங்கேதான் நிற்கிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கா, கி, கு என்று வாசிக்கும் பிள்ளைக்கு, கண் இடமிருந்து வலமாகப் போகும் வரிசையிலேயே ஒலியும் வருகிறது. கெ, கே, கை வரும்போது அந்த ஒழுங்கு உடைகிறது. முதலில் கண்ணில் படுவது கொம்பு. முதலில் வாயில் வரவேண்டியது க. கொ, கோ இன்னும் கடினம்: எழுத்தின் இரண்டு பக்கமும் குறி நிற்கிறது, ஆனால் ஒலி ஒன்றுதான். தம்பி ‘கோழி’யைப் பார்த்து ‘கேழி’ என்பான், பிறகு மிஞ்சிக் கிடக்கும் துணைக்காலைப் பார்த்துத் திகைத்து நின்றுவிடுவான். 247 எழுத்து என்று சுவரில் ஒட்டிய அட்டவணையை நூறு முறை சொல்ல வைத்தாலும் இந்தச் சிக்கல் தீராது. அட்டவணையில் எழுத்து தன் வரிசையில் நிற்கிறது. சொல்லில் அப்படி நிற்பதில்லை.

ஒன்றைக் கடைசியாகத்தான் சோதித்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஒரு நீண்ட நாட்டுப்புறக் கதையை அவனுக்குச் சொல்லிவிட்டு, மறுநாள் திருப்பிச் சொல்லச் சொன்னேன். நான் விட்ட இடங்களையும் சேர்த்து, பாத்திரங்களுக்குக் குரல் மாற்றி, நடுவில் மழை வரும் காட்சிக்கு இடி முழக்கமும் கொடுத்துச் சொன்னான். மற்ற பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

1986இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைக் கூட்டும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று பூச்சியமானாலும் விடை பூச்சியம். தம்பியிடம் இரண்டாவது எண் மிகப் பெரியது. பள்ளியும் வீடும் நானும் முதல் எண்ணை மட்டும் பார்த்து அவனை மந்தமானவன் என்று முடிவுகட்டியிருந்தோம்.

ஆறு வாரத் தவறு

இத்தனையும் தெரிந்த பிறகும் நான் செய்தது என்ன? முதலில் எழுத்து முழுவதும் வரட்டும், கதைப் புத்தகம் பிறகு தரலாம் என்று தீர்மானித்தேன். உயிர்மெய் அட்டைகள், வரிசை எழுதும் நோட்டு, தினமும் பத்துச் சொல் எழுதுதல். மற்ற பிள்ளைகள் படப் புத்தகங்களைப் புரட்டும்போது அவன் மட்டும் கெ, கே எழுதிக்கொண்டிருப்பான். போதாததற்கு, எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கொரு பத்தி உரக்க வாசிக்கச் சொல்வேன். நான் படித்த பள்ளியில் அப்படித்தான் செய்தார்கள். எனக்கும் வேறு முறை தெரியாது.

தம்பியின் முறை நெருங்கும்போது அவன் தலையை எண்ணுவான். ஆறு பேருக்குப் பிறகு எந்தப் பத்தி வரும் என்று கணக்கிட்டு, பக்கத்துப் பெண்ணிடம் கேட்டு, அதை மட்டும் மனப்பாடம் செய்வான். யாராவது ஒருவர் வரவில்லை என்றால் கணக்கு தவறிவிடும். ஒரு நாள் அப்படித் தவறியது. பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் வரவில்லை.

அந்தச் சிரிப்பை நடக்கவிட்டவள் நான். தடுமாறும் பிள்ளையை ஊரறியத் தடுமாற வைக்கும் அந்த வட்டத்தை அன்றோடு நிறுத்தினேன்.

பட்டியில் ஒரு மாலை

நான்காம் நாள் தேடிப் போனேன். ஊருக்குக் கிழக்கே ஆட்டுப்பட்டியில் தாத்தாவோடு இருந்தான். தாத்தா கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, “இவனுக்கு எழுத்து ஏறவில்லை தாயி. ஆடு நன்றாகப் பார்க்கிறான். அது போதும்” என்றார். அவர் குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. தம்பி என் முகத்தைப் பார்க்காமல் ஒரு குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தான்.

பேச்சுக்காக, அந்தக் குட்டி என்ன ஜாதி என்று கேட்டேன். அவ்வளவுதான். முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, அதே கோடு செந்நிறமாக இருந்தால் செங்கன்னி, நெடுநெடுவென்று உயரமாக வெள்ளையில் கறுப்புத் தெளித்ததுபோல இருந்தால் கொடி ஆட்டில் கரும்போரை, சிவப்புத் தெளித்திருந்தால் செம்போரை என்று நாற்பது ஆட்டையும் அறிமுகம் செய்துவைத்தான். எது எந்த மாதம் ஈன்றது, எதற்குப் பால் போதாது, எது அடுத்தவர் வேலியைத் தாண்டும் என்பதெல்லாம் அவன் நாக்கில் இருந்தது.

திரும்பும் வழியில் ஊராட்சி அலுவலகச் சுவரில் தடுப்பூசி முகாம் பற்றிய நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டான். வாசித்துச் சொன்னேன். “துள்ளுமாரி எது அக்கா?” என்றான். மழைக்காலத்தில் ஆடுகளைச் சடுதியில் கொன்றுபோடும் நோய் அது. முந்தைய ஆண்டு அவர்கள் பட்டியில் மூன்று போயிருந்தன. நான் விரலை வைத்துக் காட்டினேன். அவன் சுவரை ஒட்டி நின்று, து, ள், ளு, மா, ரி என்று ஒவ்வொன்றாகத் தொட்டான். பிறகு ஒரே மூச்சில் வாசித்தான். கையிலிருந்த கம்பால் புழுதியில் எழுதினான். அழித்துவிட்டு மறுபடி எழுதினான்.

ஐந்து எழுத்துச் சொல். அட்டவணைப்படி பார்த்தால் அவனுக்கு எட்டாதது. அன்றிரவு யோசித்தபோதுதான் காரணம் விளங்கியது. அந்தச் சொல்லில் கொம்பே இல்லை. எல்லாக் குறியும் எழுத்தின் வலப்பக்கமோ அதோடு ஒட்டியோ இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம், அந்தச் சொல் அவனுக்குத் தேவைப்பட்டது.

ஆட்டு நோட்டு

மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, “உன் ஆடுகளைப் பற்றிச் சொல், நான் எழுதுகிறேன்” என்றேன். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் கையாண்ட வழி இது: பிள்ளையின் நெஞ்சில் கனக்கும் சொல்லே அதன் முதல் வாசிப்புச் சொல்லாக இருக்க வேண்டும் என்றார் அவர். தம்பி ஒரு நாளைக்கு மூன்று நான்கு வாக்கியம் சொல்வான். நான் பெரிய எழுத்தில் எழுதுவேன். அவன் படம் வரைவான். மறுநாள் அதையே வாசிப்போம். தான் சொன்னதே தாளில் இருப்பதால் ஊகித்தாலும் பெரும்பாலும் சரியாக வந்தது. ஊகித்த சொல்லை எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் மெல்ல வந்தது.

எழுத்துப் பயிற்சியை நான் கைவிடவில்லை. கதை இனிக்க இனிக்கக் கொடுத்தால் எழுத்து தானாக வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். தம்பியைப் போன்ற பிள்ளைக்கு அது நடக்காது. ஆனால் பயிற்சிக்கு வேண்டிய சொற்களை நோட்டிலிருந்தே எடுத்தேன். முதல் இரண்டு வாரம் பால்கன்னி, பட்டி, கிடாய் என்று கொம்பில்லாத எளியவை. பிறகு மேய்ச்சல், வேலி, தழை. கடைசியாகக் கொடி, கோடு, தொரட்டி, செம்போரை.

கொம்பைப் பற்றி நான் என்ன விளக்கம் சொன்னாலும் அவனுக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் அவனே கண்டுபிடித்தான். “ஆடு வரும்போது கொம்புதான் அக்கா முதலில் வரும். ஆனால் நாம் ஆடு என்றுதானே சொல்கிறோம், கொம்பு என்றா சொல்கிறோம்?” கொம்பு தெரிந்தால் பின்னால் ஒரு ஆடு வருகிறது, முதலில் ஆட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தக் குறிக்குக் கொம்பு என்று பெயர் வைத்த நம் முன்னோரை அன்று நான் மனதாரக் கும்பிட்டேன். இத்தனை ஆண்டு அந்தச் சொல்லைச் சொல்லியும் அதில் இருக்கும் விலங்கை நான் பார்த்ததில்லை. அதன் பிறகு மையத்தில் மற்ற பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தவன் தம்பிதான்.

இன்னொன்றிலும் நான் திருந்த வேண்டியிருந்தது. ‘போகிறான்’ என்று அச்சிட்டிருப்பதை அவன் ‘போறான்’ என்று வாசிப்பான். ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருத்தினேன். பிறகுதான் உறைத்தது: எழுத்தை மட்டும் கூட்டுகிறவனுக்கு அப்படி வராது. அவன் சொல்லைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் பேச்சில் சொல்லிவிட்டான். தமிழ்ப் பிள்ளை வாசிக்கும்போதெல்லாம் வீட்டு மொழியிலிருந்து ஏட்டு மொழிக்கு ஒரு பாலத்தைக் கடக்கிறது. அதைத் தவறு என்று குட்டுவது அநியாயம். இப்போது வாசித்து முடித்த பிறகு ஒரே ஒருமுறை அச்சிலுள்ளபடி நான் வாசித்துக் காட்டுவேன், அதோடு சரி.

பக்கத்தில் உட்காருதல்

அக்டோபரிலிருந்து மூன்று பழக்கங்களை விடாமல் கடைப்பிடித்தோம்.

ஒன்று, மையம் முடிவதற்கு முன் கால் மணி நேரம் நான் எல்லோருக்கும் கதை வாசிப்பேன். கேள்வி கிடையாது, நீதி என்ன என்று கேட்பதும் கிடையாது. கதை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம்.

இரண்டு, தம்பியும் நானும் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரோரம் உட்கார்ந்து, ஒரே புத்தகத்தை ஒரே குரலில் வாசிப்போம். தனியாக வாசிக்கலாம் என்று தோன்றினால் அவன் என் கையைத் தட்டுவான்; நான் நிறுத்திக்கொள்வேன். அவன் தடுக்கினால் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு, அந்தச் சொல்லைச் சொல்லி மறுபடி சேர்ந்துகொள்வேன். இங்கிலாந்தில் 1970களில் இணை வாசிப்பு என்று வளர்ந்த முறை இது. இதில் பிடித்த அம்சம், பிள்ளை தோற்கும் கணமே இல்லை என்பது. முதல் வாரம் ஒருமுறைகூட என் கையைத் தட்டவில்லை. இரண்டாம் வாரம் ஒரு வரிக்குத் தட்டினான். தட்டிய கை நடுங்கியது.

மூன்றாவது பழக்கம் ஒரு சிக்கலிலிருந்து பிறந்தது. அவன் திறனுக்கேற்ற புத்தகங்கள் எல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானவை. பத்து வயதுப் பையன் அதைக் கையில் எடுக்கக் கூசினான். அவனுக்கு ஒன்றாம் வகுப்பில் ஒரு தங்கை இருந்தாள். “தங்கைக்கு வாசித்துக் காட்ட வேண்டும், நீதான் பழகிக்கொண்டு போக வேண்டும்” என்றேன். கூச்சம் போய்விட்டது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. கடையில் பிரதி எடுத்து மடித்துத் தைத்துக் கொடுத்தேன். ஒரே கதையை மூன்று நாள் என்னோடு வாசிப்பான், நான்காம் நாள் தங்கைக்கு. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சரளத்தைத் தரும் என்று 1979இல் சாமுவேல்ஸ் எழுதியது இதைத்தான். ஆனால் காரணமில்லாமல் திருப்பி வாசிக்கச் சொன்னால் அது தண்டனை. தங்கை காத்திருக்கிறாள் என்றால் அது ஒத்திகை.

பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் வந்தபோது அவற்றை நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பு எண்ணைப் போட்டிருந்தால் தம்பி போன்றவர்கள் முதல் கட்டுப் புத்தகத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

நூலகம்

டிசம்பரில் பக்கத்து ஊரின் ஊர்ப்புற நூலகத்துக்கு அழைத்துப் போனேன். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. அவருக்கான நூலைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அவருக்கு ஆகாத நூலை மூடிவைக்கும் உரிமையும் வேண்டும். அந்த உரிமையைத் தம்பிக்குக் கொடுத்தேன். பிடிக்கவில்லையா, மூடு, ஏன் என்று நான் கேட்க மாட்டேன். பதினோரு புத்தகங்களை மூடினான். சிலவற்றை இரண்டாம் பக்கத்தில், ஒன்றை அட்டையைப் பார்த்ததுமே. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டாவதாக எடுத்தது பாம்புகளைப் பற்றிய படப் புத்தகம். தரையில் உட்கார்ந்தான். நூலகம் மூடும் நேரம் வந்தபோது, கண்ணாடிவிரியன் பக்கத்தில் விரலைச் செருகியபடி, “இதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?” என்றான்.

ஓராண்டு முடிவில்

2023 ஏப்ரலில், அதுவரை பார்க்காத ஒரு கதையைக் கொடுத்தேன். மெதுவாக, விரல் வைத்து, முழுவதும் வாசித்தான். தடுக்கிய இடங்களில் பாதியை, நான் வாய் திறக்கும் முன் அவனே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டான். தன் தவறு தன் காதில் விழுவதுதான் வாசகனாகிவிட்டான் என்பதற்கு நான் நம்பும் அடையாளம். வேகம் வகுப்புக்கு உரியதாக இல்லை. எழுதும்போது ல, ள, ழ இன்னும் குழம்பின. ஆட்டு நோட்டு இரண்டாகியிருந்தது. இரண்டாவதில் பெரும்பகுதி அவன் கையெழுத்து. அதன் அட்டையில் அவசரத்தில் நான் ‘துள்ளுமாறி’ என்று எழுதிவிட்டேன். அவன் றகரத்தை அடித்துவிட்டு மேலே ரகரம் போட்டான். நோட்டீஸில் அப்படித்தான் இருந்தது என்றான்.

இந்த முன்னேற்றம் முழுவதற்கும் என் முறைகளே காரணம் என்று சொல்ல முடியாது. பள்ளி தொடர்ந்து நடந்தது, அவன் ஆசிரியை அவனை மறுபடி கவனிக்கத் தொடங்கினார், தாத்தா இரவில் நோட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

மேலும், இதே முறை இன்னொரு பிள்ளையிடம் பலிக்கவில்லை. நான்காம் வகுப்புப் பெண். பேச்சில் சூட்டிகை, கதை கேட்பதில் ஆர்வம். அவளுக்கும் நோட்டு, அவளுக்கும் இணை வாசிப்பு. ஐந்து மாதம் கழித்தும் நேற்று வந்த எழுத்து இன்று வரவில்லை. ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக வாசித்தாள். தம்பிக்குப் பலித்ததே என்ற பிடிவாதத்தில் நான் காலத்தைக் கடத்திவிட்டேன். அவளைப் போன்றவர்களுக்கு டிஸ்லெக்ஸியா எனும் கற்றல் குறைபாடு இருக்கக்கூடும். அதைத் தேர்ந்தவர்கள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கடைசியில் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் அழைத்துப் போனோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் 1991 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது. முறையாக, அன்றாடம் சொல்லிக் கொடுத்தும் மூன்று மாதத்தில் எழுத்து நிலைக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம் என்பதை அந்தப் பெண்ணிடமிருந்து தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

தம்பி 2023 ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். அங்கே மறுபடியும் ஆளுக்கொரு பத்தி. இரண்டாம் வாரம் ஒரு மாலை புதுப் பாடப்புத்தகத்தோடு வந்து நின்றான். தலையை எண்ணிப் பார்த்ததாகவும், நாளைக்கு இந்தப் பத்திதான் தனக்கு வரும் என்றும் சொன்னான். மனப்பாடம் செய்ய உதவி கேட்கிறானோ என்று எனக்குள் ஒரு கலக்கம். அவன் சுவரோரம் போய் உட்கார்ந்து, புத்தகத்தை இருவருக்கும் நடுவில் விரித்தான். சேர்ந்து தொடங்கினோம். இரண்டாவது வரியில் என் கையைத் தட்டினான்.